திருப்பி எடுத்த மண்

கரட்டுப்பாளையத்துக்குச் செயல் அலுவலராக மாற்றலாகி வந்தபோது அருணகிரிக்கு அந்த ஊரில் முதலில் பிடித்துப்போனது பூங்காதான். நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகிற வழியில் உள்ள சிறிய பேரூராட்சி அது. எண்பத்து நான்காம் வருஷம். உள்ளாட்சித் தேர்தல் நடக்காத காலம் என்பதால் தலைவர், உறுப்பினர் என்று யாரும் கிடையாது. குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும் ஊர் அவரைத்தான் தேடி வந்தது. மனைவி பிரசவத்துக்காகத் தம்மம்பட்டியில் தாய்வீட்டில் இருந்தாள். சாயங்காலம் ஆபீசைப் பூட்டியதும் அவர் நேராகப் பூங்காவுக்குப் போய் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கியில் ரேடியோ பாடும். லாரிப் பட்டறைகளில் வேலை முடித்தவர்கள் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். கிழக்கு மூலையில் ஊஞ்சலுக்கும் சறுக்குமரத்துக்கும் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள்.

அந்தக் கிழக்கு மூலை மட்டும் மொட்டையாகக் கிடந்தது. தோட்டக்காரன் மாதையன் அங்கே வைத்த எந்தக் கன்றும் தேறவில்லை.

"வேம்பு வெச்சேனுங்க, புங்கன் வெச்சேனுங்க. கிணத்தோரத்துல வெச்சது மேல போவுது, இங்க வெச்சது அப்பிடியே கருகுது. மழ பேஞ்சு காஞ்சா தரையில வெள்ள வெள்ளையாப் பூக்குதுங்க சார்" என்றான்.

வைகாசியில் ஒரு நாள் மாதையன் ஆபீசுக்கு ஓடிவந்தான். அவனுடைய கன்றுக்குட்டிக்குக் கண் தெரியவில்லை. சுவரில் போய் முட்டுகிறது, பல்லை நறநறவென்று கடிக்கிறது, நின்ற இடத்திலேயே வட்டமடிக்கிறது. கால்நடை மருத்துவர் சுப்பையனைக் கூட்டிக்கொண்டு அருணகிரியும் போனார். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கன்று கால்களை விறைத்துக்கொண்டு கிடந்தது. சுப்பையன் ஊசி போட்டுப் பார்த்தார். பொழுது சாய்வதற்குள் அது செத்துவிட்டது.

மாதையனின் மனைவி பொன்னாயி கன்றின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். சுப்பையன் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"கன்ன எங்க கட்டுவே மாதையா?"

"பூங்காவுலதானுங்க. கெழக்கு மூலையில ஆரும் வாரதுக்கு முன்னாடி மத்தியானத்துல கட்டுவேன். புல்லு இல்லீன்னாலும் அங்க மண்ண நக்கிக்கிட்டு நிக்குமுங்க."

"பக்கத்து ஊட்டுப் புள்ளைங்க யாருக்காவது ஒடம்புக்கு ஆகலையா?"

பொன்னாயி நிமிர்ந்து பார்த்தாள். "எம்புள்ளைக்கே வயித்து நோவுதானுங்க. சின்னாயிக்கு ரெண்டு மாசமா வவுறு முறுக்குது, சோறு எறங்க மாட்டீங்குது. கயிறு மந்திரிச்சுக் கட்டியிருக்குறோம். பொழுதன்னைக்கும் அந்த ஊஞ்சலுக்கடியிலதான் மண்ணுல வெளையாடுவா."

மறுநாள் காலையில் மூன்று பேரும் பூங்காவுக்குப் போனார்கள். மாதையன் மண்வெட்டியால் தோண்டினான். மேலே ஒரு சாண் செம்மண். அதற்குக் கீழே கரிபோன்ற மண். அதில் கறுப்புப் பெட்டித் துண்டுகள், கையில் எடுத்தால் பொடியும் சாம்பல் நிறத் தகடுகள். தோண்டத் தோண்டத் தகடுகள் வந்துகொண்டே இருந்தன.

"பேட்டரி பிளேட்டு" என்றார் சுப்பையன். "ஈயம். லேசா இனிக்கும். அதனாலதான் கன்னு நக்கியிருக்குது. கோயமுத்தூர் விவசாயக் கல்லூரியில எனக்குத் தெரிஞ்சவர் இருக்கார், மண்ணைச் சோதிக்கச் சொல்றேன். ஆனா அதுவரைக்கும் புள்ளைங்கள இங்க விடாதீங்க."

அன்றைக்கே அருணகிரி வேலாமுள் வெட்டிவந்து அந்த மூலையை அடைக்கச் சொன்னார். ஊஞ்சலைக் கழற்றி வைத்தார்கள். சாயங்காலம் வந்த பிள்ளைகள் முள்வேலிக்கு வெளியே நின்று அவரை முறைத்தார்கள். அவருக்கு அன்று பெஞ்சில் உட்கார மனம் வரவில்லை.

அந்த இடம் முன்பு என்னவாக இருந்தது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொன்னார்கள். ராசப்பனின் பேட்டரிப் பட்டறை. பழைய லாரி பேட்டரிகளை உடைத்து, ஆசிட்டைக் கீழே கொட்டி, ஈயத்தை உருக்கிக் கட்டிகளாக விற்ற இடம். பிறகு ராசப்பன் லாரி வாங்கினார். ஒன்று நாலாகி, நாலு பதினைந்தானது. பட்டறை இருந்த மூலையில் செம்மண்ணைக் கொட்டிச் சமப்படுத்தி, நிலம் முழுவதையும் தன் தகப்பனார் சின்னுசாமி பேரில் ஊருக்குப் பூங்காவாக எழுதிக்கொடுத்தார். வாசல் வளைவில் அந்தப் பெயர்தான் இருந்தது.

கோயமுத்தூரிலிருந்து பதில் வந்தது. மண்ணில் ஈயம் மிக அதிகம், அப்புறப்படுத்தியே ஆக வேண்டும். சுப்பையனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அருணகிரி ராசப்பன் வீட்டுக்குப் போனார். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தார். ஊரில் பாதிப் பேருக்கு வேலை கொடுக்கிற மனிதர் அவர்.

ராசப்பன் அவர்களை உட்காரவைத்து முழுவதையும் கேட்டார். ஐம்பதைத் தாண்டிய, நல்ல உயரமான ஆள். கேட்டு முடித்ததும் அவர் முகம் இறுகிவிட்டது.

"அதெல்லாம் ஒண்ணும் கெடையாதுங்க. ஒரு கன்னு செத்துப்போச்சுன்னு எங்கய்யன் பேருல குடுத்த எடத்தக் கெட்ட எடம்ங்கறீங்களா? நானே அந்த மண்ணுல ஏழு வருசம் நின்னவன். எனக்கு என்ன ஆயிப்போச்சு?"

"ஐயா, உங்களைக் குத்தம் சொல்ல வரலைங்க. அப்ப யாருக்குமே தெரியாது. மண்ணை எடுத்துட்டா போதும். அதுக்கு உங்க ஒத்தாசை வேணும்னுதான்..."

"ஒத்தாசையா? நான் போயி அங்க நின்னா ஊரு என்ன பேசும்? ராசப்பன் வெசத்தத் தானமாக் குடுத்தான்னு பேசும். போயிட்டு வாங்க சார்."

அருணகிரி எழுந்துவிட்டார். அப்போது உள்ளேயிருந்து மோர்ச் செம்போடு ராசப்பனின் மனைவி சௌந்திரம் வந்தாள். அவள் செம்பை வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு சுப்பையனைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏனுங் டாக்டரு, அந்த ஈயம் மனுசருக்கும் ஆகாதுங்களா?"

"ஆகாதுங்கம்மா. தூசி, புகை எல்லாமே கெடுதல்தான். வயிறு முறுக்கும், கை பலம் போயிரும்."

"இவுருக்கு அந்தக் காலத்துல அந்த வவுத்து நோவு இருந்துச்சுங்க. உருண்டு உருண்டு அழுவாரு. பழநிக்கு நடந்து வாரேன்னு வேண்டிக்கிட்டோம்." அவள் கணவனைப் பார்க்கவில்லை. "இவுரு துணியெல்லாம் நாந்தானுங்க தொவைப்பேன். சாம்பலாட்டம் கொட்டும். அது துணியத் தொவைக்கிற பொம்பளைக்கும் கெடுதல் பண்ணுமுங்களா?"

சுப்பையன் தயங்கினார். "பண்ணலாமுங்க."

"முழுகாம இருக்கறவளுக்கு?"

"கர்ப்பம் தங்காமப் போறதும் உண்டுன்னு படிச்சிருக்கேன். ஆனா இன்னாருக்கு இதனாலதான்னு உறுதியாச் சொல்ல முடியாதுங்கம்மா."

"ரெண்டு தங்கலீங்க. பட்டறைய மூடிப்போட்டு லாரி வாங்குன அடுத்த வருசந்தான் எங்க பையன் வேலுமணி பொறந்தான்." சௌந்திரம் மோரை இரண்டு டம்ளர்களில் ஊற்றி அவர்கள் கையில் கொடுத்தாள். "குடிங்க. வெயில்ல வந்திருக்கீங்க."

ராசப்பன் எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவருக்காகக் காத்திருக்க முடியாது என்று அருணகிரி முடிவு செய்தார். ஆடிக் காற்று ஆரம்பித்துவிட்டால் மண்ணைத் தோண்ட முடியாது, தூசி ஊரெல்லாம் பறக்கும். ஆனி மாதத்திலேயே இரண்டு டிராக்டர்களை வாடகைக்குப் பிடித்து வேலையைத் தொடங்கினார். ஊருக்கு வடக்கே கல்லாங்காட்டூருக்குப் பக்கத்தில் கைவிட்ட கல்லுக்குழி ஒன்று இருந்தது. அதில் கொட்டிவிடலாம் என்பது அவர் எண்ணம்.

முதல் இரண்டு நடை மண்ணை ஏற்றிக்கொண்டு போனபோது, குழிக்குப் போகும் வண்டித்தடத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவள் அத்தாயி. கூலிவேலைக்குப் போகிறவள், நாற்பது வயது இருக்கும், குரல் டிராக்டர் சத்தத்தை மீறிக் கேட்டது.

"அதென்னுங் சார், உங்க ஊருப் புள்ளைங்களுக்கு ஆகாத மண்ணு எங்க ஊருப் புள்ளைங்களுக்கு ஆகுமுங்களா?"

அருணகிரி ஜீப்பிலிருந்து இறங்கினார். "யாரும் போகாத குழி தானேம்மா அது."

"ஆரு சொன்னா? அந்தக் குழியில தேங்குற தண்ணிதானுங்க எங்க ஆடு மாடு குடிக்குது. கோடையில நாங்களும் தொவைக்கப் போறோம். நீங்க வந்து பாத்தீங்களா?"

அவர் வந்து பார்த்திருக்கவில்லை. வரைபடத்தில் பார்த்ததோடு சரி. பெண்களைத் தாண்டி நடந்து போய்ப் பார்த்தார். குழியின் அடியில் பச்சையாகத் தண்ணீர் நின்றது. கரையில் குளம்படிகள். திரும்பி வந்து, "நீங்க சொல்றது சரிதாம்மா. நான்தான் யோசிக்கலை" என்றார்.

அத்தாயி சண்டைக்குத் தயாராக வந்திருந்தாள். "அப்பறம் என்ன, திருப்புங்க வண்டிய" என்றாள், குரலைத் தணித்து.

வண்டிகள் திரும்பின. ஆனால் எங்கே போவது? போகிற வழியெல்லாம் அதற்குள் செய்தி பரவியிருந்தது. ஒவ்வொரு ஊர்க்காரரும் வழியிலேயே கையை நீட்டித் தடுத்தார்கள். கடைசியில் இரண்டு டிரெய்லர்களையும் தார்ப்பாய் போட்டு மூடி, பூங்கா வாசலிலேயே நிறுத்திவைத்தார்கள். தோண்டிய பள்ளம் உள்ளே, தோண்டிய மண் வெளியே. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள், அதற்கு நாற்றம் எதுவும் இல்லாதபோதும். அருணகிரிக்கு இரண்டு நாளாகச் சோறு பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அவர் பூங்கா வாசல் வழியாக ஆபீசுக்குப் போனபோது ராசப்பன் டிரெய்லருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். தார்ப்பாயின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் ஒரு தகட்டுத் துண்டு.

"இது நான் ஒடச்சதுதானுங் தம்பி" என்றார். சார் என்பது தம்பி ஆகியிருந்தது. "எங்க கொண்டுபோயிக் கொட்டப் போறீங்க?"

"தெரியலைங்க ஐயா. யாரும் வாங்கமாட்டேங்கறாங்க."

"அவுங்க ஏன் வாங்கோணும்? அவுங்க வெச்சதா?" தகட்டை மறுபடியும் மண்ணுக்குள் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "கரட்டடியில எனக்கு ஒரு பாறைக்காடு இருக்குது. கெணறு கெடையாது, ஊடு கெடையாது, ஆடுகூட அங்க மேயாது. இந்த மண்ணு பூராத்தையும் நான் எடுத்துக்கறேன். எப்பிடிப் பொதைக்கோணுமோ சொல்லுங்க, அப்பிடிச் செய்யலாம்."

 கொடுத்ததைத் திரும்ப வாங்குவது அந்தப் பக்கத்தில் எவ்வளவு பெரிய இழுக்கு என்பது அருணகிரிக்குத் தெரியும். "ஊர் ஏதாவது பேசுமேங்க ஐயா" என்றார்.

"பேசட்டும். நீங்க வந்துட்டுப் போனதுலருந்து ஊட்டுக்காரி என்கிட்டப் பேசல. அத வுடவா ஊரு பேசறது பெருசு?"

சுப்பையன் மறுபடியும் கோயமுத்தூருக்குப் போய்க் கேட்டு வந்தார். பாறையில் குழி வெட்ட வேண்டும். செங்கல் கட்டி, சிமென்ட் பூசி, தார் அடிக்க வேண்டும். மண்ணோடு சுண்ணாம்பைக் கலந்து போட்டால் ஈயம் நீரில் கரைந்து ஓடாது. மேலே கான்கிரீட் பலகை போட்டு மழைத் தண்ணீர் இறங்காமல் மூட வேண்டும். ஆடி மாதம் முழுக்க ராசப்பன் அந்தக் காட்டில்தான் இருந்தார். காற்று அவர் தலைப்பாகையை எத்தனையோ முறை பிடுங்கிக்கொண்டு ஓடியது.

பூச்சு வேலை முடிந்த அன்று கல்லாங்காட்டூரிலிருந்து அத்தாயி நாலைந்து பெண்களோடு வந்து நின்றாள். கூப்பிடாமலே வந்திருந்தாள். குழிக்குள் ஏணி வைத்து இறங்கி, சுவரைத் தட்டிப் பார்த்தாள், மூலையில் விரலைவிட்டுப் பார்த்தாள்.

"என்ன அம்மிணி, ஒழுவுமா?" என்று மேலிருந்து கேட்டார் ராசப்பன்.

"எங்க ஊடே இத்தன நல்லாக் கட்டலீங்க" என்றாள் அத்தாயி. பெண்கள் சிரித்துவிட்டார்கள். ராசப்பனும் சிரித்தார்.

ஆவணி பிறந்து காற்று நின்றதும் பூங்காவில் வேலை மறுபடி தொடங்கியது. மண்ணில் தண்ணீர் தெளித்து ஈரமாக்கிய பிறகுதான் வெட்டினார்கள். ஆட்களுக்கு ரப்பர் பூட்ஸ், முகத்தில் கட்டத் துணி. இது அருணகிரியின் ஏற்பாடு. ஆனால் அவர் யோசிக்காத ஒன்றைச் சௌந்திரம் யோசித்திருந்தாள். முதல் நாள் காலையிலேயே அவள் வண்டியில் இரண்டு பெரிய அண்டாக்களையும் விறகையும் ஏற்றிக்கொண்டு வந்து பூங்காவின் மேற்கு மூலையில் அடுப்பு மூட்டினாள். பக்கத்தில் ஓலைத் தட்டி கட்டி மறைப்பு. உள்ளே சோப்பு, புது வேட்டி, புது சட்டைகள்.

வேலை முடிந்ததும் ஆட்கள் வழக்கம்போல் துண்டை உதறிக்கொண்டு கிளம்பினார்கள். சௌந்திரம் வழியை மறித்து நின்றாள்.

"ஒருத்தரும் இந்தத் துணியோட ஊட்டுக்குப் போவக்கூடாது. சுடுதண்ணி இருக்குது, தலையோட வாத்துக்கிட்டு, வேற துணி கட்டிக்கிட்டுப் போங்க. இந்த அழுக்குத் துணி இங்கயே கெடக்கட்டும்."

"எங்க ஊட்டுக்காரி தொவைச்சுப் போடுவாளுங்க" என்றான் ஒருவன்.

"அதுக்குத்தான் சொல்றேன் சாமி. அவ தொவைக்கக் கூடாது."

அவன் மறைப்புக்குள் போனான். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான் நடந்தது. கையைக் கழுவாமல் பீடியைத் தொட்டால்கூட அவள் தூரத்திலிருந்து சத்தம் போடுவாள். பொன்னாயி அவளுக்கு உதவிக்கு வந்துவிட்டாள். துணிகளைக் கம்பால் எடுத்துப் போட்டு, தொட்டியில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரையும் பீப்பாயில் பிடித்துப் பாறைக்காட்டுக் குழிக்கு அனுப்பினார்கள். வேலை ஓயும் நேரத்தில் இரண்டு பேரும் அடுப்போரம் உட்கார்ந்து சோளப்பொரி தின்றபடி பேசிக்கொண்டிருப்பதை அருணகிரி பார்த்திருக்கிறார். சின்னாயிக்கு வயிற்று வலி நின்றுவிட்டதைச் சௌந்திரத்திடம்தான் பொன்னாயி முதலில் சொன்னாள்.

கடைசி வண்டியும் போனபோது கிழக்கு மூலை ஆள் உயரப் பள்ளமாக இருந்தது. அடி மண்ணை எடுத்துக் கோயமுத்தூரில் காட்டினார்கள். சுத்தம் என்று சொன்னார்கள். இனி நிரப்ப நல்ல மண் வேண்டும். சுற்றுவட்டத்தில் நல்ல வண்டல் இருந்தது கல்லாங்காட்டூர் ஏரியில்தான். அருணகிரி கூச்சத்தோடு அங்கே போனார். அத்தாயி வீட்டு வாசலில் புளி கொட்டை நீக்கிக்கொண்டிருந்தாள்.

"மண்ணு கேக்க வந்தேம்மா" என்றார்.

"மண்ணு குடுக்க வந்தப்ப வேண்டாம்னோம். கேக்க வந்தா எப்பிடி இல்லீங்கறது?" என்றாள் அவள். பிறகு புளியைத் தள்ளிவைத்தாள். "ஆனா ஒண்ணு கேக்கோணுங்க. ஊஞ்சலு இருந்தப்ப, சந்தைக்கு வந்த எங்க புள்ளைங்க அதுக்கு ஏங்கி நிக்குமுங்க. உள்ள கால வெச்சா உங்க தோட்டக்காரன் தொரத்துவான். அது ஊருக்குப் பொதுவுன்னா எங்களுக்கும் பொதுவுதானுங்களே?"

அருணகிரிக்கு இது தெரியாது. ஊருக்கு வந்ததும் மாதையனைக் கூப்பிட்டுக் கேட்டார். மாதையன் தலையைச் சொறிந்தான். "கூட்டம் சேந்தா செடி போயிருமுங்கன்னு தானுங்க சார்... அவுத்துவுட்ட மாடாட்டம் ஓடுவாங்க."

"நீ கன்னு கட்டலாம், அவங்க ஊஞ்சல் ஆடக் கூடாதா?"

 பிற்பாடு பள்ளம் நிரம்பி ஊஞ்சலைத் திரும்ப மாட்டிய பிறகு வந்த முதல் செவ்வாய்க்கிழமை, சந்தைக்கு வந்த பிள்ளைகளை மாதையனே வாசலில் நின்று உள்ளே அழைத்துப் போனான். கொஞ்சம் அதட்டலோடுதான், அது அவன் சுபாவம்.

கல்லாங்காட்டூர்க்காரர்கள் ஏரியில் வெட்டிக் கொடுத்தார்கள். ராசப்பனின் லாரிகள் ஏற்றி வந்தன. ஐப்பசி மழை சரியான சமயத்தில் பிடித்தது. கார்த்திகையில் அந்த மூலை முழுக்க அருகு படர்ந்து, வைத்த புங்கங்கன்றுகள் தளிர் விட்டன. அருணகிரியின் மனைவி மூன்று மாதப் பெண் குழந்தையோடு வந்து சேர்ந்தாள். சாயங்காலங்களில் அவர்கள் அந்தப் புல்லில் துணி விரித்துக் குழந்தையைக் குப்புறக் கிடத்துவார்கள். அது புல்லைப் பிடித்து இழுக்கும்.

ராசப்பன் மட்டும் அதற்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. பட்டறையில் தன்னோடு வேலை செய்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்தார். சிலர் இறந்துபோயிருந்தார்கள். ஒருவர் ஆட்டையாம்பட்டியில் தறி நெய்துகொண்டிருந்தார். ஈயம் உருக்கிய சென்றாயன் உள்ளூரிலேயே இருந்தார். அவருக்கு வலது மணிக்கட்டு தொங்கிப்போய் வெகுகாலம் ஆகியிருந்தது. வாதம் என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். எல்லோரையும் வேனில் ஏற்றிக்கொண்டு ஒரு நாள் ராசப்பன் சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போனார். சௌந்திரமும் போனாள்.

மருத்துவர் ஒவ்வொருவரின் உதட்டையும் விரலால் விலக்கி, ஈறில் ஈயக் கோடு இருக்கிறதா என்று பார்த்தார். ரத்தம் எடுத்து மெட்ராசுக்கு அனுப்பினார். பழைய பாதிப்பு, புதிதாக ஏறவில்லை என்றால் இனி மோசமாகாது என்றார். சென்றாயனின் கை முழுசாகச் சரியாகாது, ஆனால் பயிற்சி கொடுத்தால் டம்ளர் பிடிக்கிற அளவுக்கு வரும் என்றார். வாதம் இல்லையா என்று சென்றாயன் திரும்பத் திரும்பக் கேட்டார். இல்லை என்றதும் அவருக்கு ஏனோ சந்தோஷம். "அப்ப எங்க பாட்டன் பாவம் இல்லீங்களே" என்றார்.

திரும்பும்போது சேலத்தில் ஒரு மெஸ்ஸில் எல்லோரும் சாப்பிட்டார்கள். இலையில் சோறு விழுந்ததும் சென்றாயன் இடதுகையைத் தூக்கினார். பக்கத்தில் இருந்தவர்கள் சங்கடப்பட்டுப் பார்த்தார்கள்.

ராசப்பன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, "ஏப்பா சென்றாயா, எந்தக் கையில தின்னாலும் வவுத்துக்குத்தானே போவுது?" என்றார்.

"அது சரீங்க. ஆனா இந்தக் கைக்குக் கொழம்பு ரசம் வித்தியாசம் தெரிய மாட்டீங்குது" என்றார் சென்றாயன். எல்லோரும் சிரித்தார்கள். பரிமாறுகிறவரிடம் சௌந்திரம், "அந்தப் பெரியவருக்கு இன்னொரு கரண்டி நெய் ஊத்துங்க" என்றாள். ராசப்பன் கையை நீட்டித் தன் இலையையும் காட்டினார். அவள், "இவுருக்கு ரசமே போதும்" என்று பரிமாறுகிறவருக்குக் கையைக் காட்டினாள். ராசப்பன் கையை மடக்கிக்கொண்டு, சிரித்தபடியே ரசம் கேட்டார்.